பூபாலன் தைத்த அம்பயர் கோட்டு

விருத்தாசலத்தில் ரிட்டையர் ஆன ஒருவர் சும்மா உட்கார்ந்திருந்தால் அவர் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். உள்ளூர்க்காரர்களுக்கு, அதிலும் செராமிக் காலேஜில் ஒரே பெஞ்சைத் தேய்த்து டிப்ளமா வாங்கிய அந்த நாலு பேருக்கு, மூச்சு விடவே நேரம் கிடைப்பதில்லை. வேலையில் இருந்தபோது சம்பளத்துக்கு உழைத்தவர்கள், இப்போது தூக்கத்திலும் உழைக்கிறார்கள்.

நாலு பேர் என்று சொன்னது ஒரு மரியாதைக்குத்தான். உழைத்தது மூன்று பேர். நாலாவது ஆள் பூபாலன், கை தட்டினார்.

தட்டாமல் எப்படி இருப்பார்? முதலில் ராகவேந்திரனை எடுத்துக்கொள்ளுங்கள். கரண்டுக் கம்பத்தின் உச்சியில் கம்பியைத் தாங்கிக்கொண்டு வெள்ளையாக உட்கார்ந்திருக்குமே பீங்கான், அதைச் சுடுகிற கம்பெனியில் சூளைக்குப் பொறுப்பாக முப்பது வருஷம் நின்றவர். அந்தச் சூட்டில் கருகிய புருவங்கள் ரிட்டையர்மெண்ட் ஆர்டரைக் கையில் வாங்கிய பிறகுதான் திரும்ப முளைத்தன. "பாதி ஆயுசு நெருப்புல போச்சு, மீதி தண்ணியில போகட்டும்" என்று அறுபது வயதில் நீச்சல் கற்றுக்கொண்டார். கற்றது பெண்ணாடம் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்துப் பம்புசெட்டுத் தொட்டியில். ஒரு எருமை காலை நீட்டிப் படுத்தால் மிச்சம் இல்லாத தொட்டி அது. அதற்குள்ளேயே திரும்பித் திரும்பி நீந்தி, ஒரு காலைப்பொழுதில் கடலூர் வரைக்குமான தூரத்தை முடித்துவிட்டுத்தான் தலை துவட்டுவார். வெட்டின கரும்பைப் போட்டுவிட்டு ஆட்கள் வந்து பார்த்தார்கள். வெட்டாத கரும்பும் எட்டிப் பார்த்ததாக பூபாலன் வீட்டுக்கு வந்து மனைவி மகேஸ்வரியிடம் சொன்னார்.

அடுத்து மாரிமுத்து. பானை வனைகிற குடும்பத்துப் பிள்ளை. கக்கூஸ் கோப்பை செய்கிற பெரிய கம்பெனியில் டிசைன் பிரிவுக்கே தலைவராகி ஓய்வு பெற்றவர். தென்னிந்தியாவில் பாதிப் பேர் தினமும் காலையில் அவருடைய டிசைன் மேல்தான் உட்காருகிறார்கள். மீதிப் பேர் கதவைத் தட்டிக்கொண்டு வெளியே நிற்கிறார்கள். ரிட்டையர் ஆனதும் மேஜிக் கற்றுக்கொண்டார். ஏன் மேஜிக் என்று கேட்டால், "ஆயுசு பூரா கண்ணுக்குத் தெரியாம மறைய வைக்கிற வேலையத்தானேடா பாத்தேன். புதுசா என்ன இருக்குது இதுல" என்பார். வேப்பூரிலிருந்து பக்கத்து மங்களூர் வரை அவருடைய புறா வராமல் எந்தப் பள்ளிக்கூட ஆண்டுவிழாவும் நடப்பதில்லை. அந்தப் புறாவுக்கு இப்போது தலைமையாசிரியர்களைப் பேர் பேராகத் தெரியும்.

மூன்றாவது ஆள் அம்புஜவல்லி. அந்த வகுப்பின் ஒரே பெண். ஸ்ரீமுஷ்ணத்தில் கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம். சேற்றில் கை வைக்கவா பெண்ணைப் படிக்க அனுப்புகிறீர்கள் என்று சொந்தக்காரர்கள் அப்பாவைக் கேட்டபோது, "கை அலம்பிக்கலாம்" என்று உள்ளேயிருந்து பதில் சொன்னவர். கப் அண்ட் சாசர் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. ஒரு கப்பை நகத்தால் ஒரு தட்டு தட்டிக் காதருகே பிடிப்பார். கண்ணுக்குத் தெரியாத விரிசல் அவர் காதுக்குத் தெரிந்துவிடும். நல்ல கப் மணி மாதிரி ஒலிக்கும், விரிசல் விட்டது இருமும். அப்படி லட்சக்கணக்கில் தட்டிய காதோடு ஊருக்குத் திரும்பியவர், ஒருநாள் மணிமுத்தாறு ஓரமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். வறண்ட ஆற்று மணலில் பையன்கள் டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். கரையில் இருந்தபடியே, "பேட்ல பட்டுது. கேட்ச்தான், அவுட்டு" என்றார். ஆடிக்கொண்டிருந்த பையன் திருட்டு முழி முழித்துவிட்டு பேட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்துவிட்டான். அன்றிலிருந்து அவர்தான் அம்பயர். புடவைக்குக் கீழே கேன்வாஸ் ஷூ, தலையில் அகலத் தொப்பி. டென்னிஸ் பந்து பேட்டின் ஓரத்தில் உரசுகிற சத்தம் எறும்பு தும்முகிற அளவுக்குத்தான் இருக்கும். அதைக் கேட்கிற காது இந்த ஜில்லாவில் அவர் ஒருவருக்குத்தான்.

மாதத்துக்கு ஒரு ஞாயிறு நாலு பேரும் ராகவேந்திரன் வீட்டு மொட்டை மாடியில் கூடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ப்ராக்டிகல். ரிட்டையர் ஆன பிறகு புதிதாக என்ன கற்றுக்கொண்டாய் என்பதை வாயால் சொல்லக்கூடாது, செய்து காட்ட வேண்டும். நீச்சலுக்காக எல்லாரும் கார் பிடித்துத் தோட்டத்துக்குப் போனார்கள். மேஜிக்குக்காகப் புறா மாடிக்கு வந்தது. எல்லாம் முடிந்ததும் அம்புஜவல்லி கேட்பார். "பூபாலா, உன்னோடது?"

"அடுத்த மாசம்ங்க" என்பார் பூபாலன். கூடப் படித்த பெண்தான் என்றாலும் அவருக்கு அம்புஜவல்லி அன்றும் இன்றும் வாங்க போங்கதான்.

இந்த அடுத்த மாசம் பல வருஷங்களாக வந்துகொண்டே இருந்தது. பூபாலனுக்கு அதில் பெரிய குறை ஒன்றும் இல்லை. வேலைக்காலம் முழுக்க ஒரு பீங்கான் கம்பெனியின் மாடல் ரூமில் ப்ளாஸ்டர் ஆஃப் பாரிஸில் அச்சு செய்தவர். அச்சு செய்கிறவன் பெயரை எந்த ஜாடியிலும் போடுவதில்லை. பக்கத்தில் நின்று அடுத்தவர் மினுங்குவதைப் பார்ப்பது அவருக்குப் பழகிப்போன சந்தோஷம்.

ஆனால் போன தை மாசத்து ப்ராக்டிகலில் ஒன்று நடந்தது. நீச்சல் முடிந்து, புறா முடிந்து, டீ குடித்து, தம்ளரைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் எழுந்துவிட்டார்கள். அம்புஜவல்லி கேட்கவே இல்லை.

மறந்தும் போகவில்லை. கேட்கலாமா என்று ஒரு நிமிஷம் பூபாலனைப் பார்த்தார், பாவம் எதற்கு என்று விட்டுவிட்டார். அந்தப் பார்வைதான் பூபாலனை அடித்தது. வீட்டுக்கு வந்து தட்டில் விழுந்த தோசையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

"என்னாங்க, தோசைல என்னா தெரியுது?" என்றாள் மகேஸ்வரி.

"என்னைக் கணக்குலேர்ந்து எடுத்துட்டாங்க மகேசு."

மறுநாளே மகேஸ்வரியின் தையல் மெஷினில் உட்கார்ந்தார். அவருக்குத் தையல் அச்சுக்கு ரொம்பத் தூரமில்லை என்று தோன்றியது. இரண்டும் ஒரு உடம்பைச் சுற்றி இன்னொன்றை வடிவமைக்கிற வேலைதான். முதல் வாரம் மெஷின் அவரைத் தைத்தது. இரண்டாவது வாரம் இவர் மெஷினை ஓட்டினார். ஒரு மாதத்தில் மகேஸ்வரியே காது கொடுத்துக் கேட்டு, "சத்தம் சீரா வருதே" என்று சமையலறையில் இருந்தபடி ஒத்துக்கொண்டாள். நண்பர்களிடம் மூச்சு விடவில்லை.

முதலில் தனக்கே ஒரு சட்டை தைத்தார். மகேஸ்வரி இன்ச் டேப்பில் அளவு எடுத்துச் சொன்னாள். அவர் காகிதத்தில் கோடு போட்டு, வெட்டி, தைத்து, தான் எப்போதும் வைத்திருக்கும் எஃகு ஸ்கேலால் ஒவ்வொரு பக்கமும் சரிபார்த்தார். நூலிழை பிசகவில்லை. போட்டுப் பார்த்தால் சட்டைக்குள் இன்னொருவருக்கும் இடம் இருந்தது.

"அளவு சரியா இருக்குது. அப்ப ஆளுதான் எளைச்சுட்டேன்" என்றார் பூபாலன்.

மகேஸ்வரி பயந்துபோனாள். மறுநாள் காலையில் பாலக்கரை லேபில் ரத்தம் கொடுத்தார். சர்க்கரை இல்லை, கொழுப்பு இல்லை, ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்பதே மகேஸ்வரிக்குப் பெரிய வியாதியாகத் தெரிந்தது. நெய்ச் சோறு, பாதாம், ராத்திரி படுக்கும்போது வாழைப்பழம் என்று ஒரு யானைக்குட்டியை வளர்க்கிற அக்கறையோடு கவனித்தாள். பங்குனி முடிவதற்குள் சட்டை கச்சிதமாகப் பொருந்திவிட்டது. கண்ணாடி முன் நின்ற பூபாலன், தான் ஒரு பிறவித் தையல்காரர் என்ற முடிவுக்கு வந்தார்.

அந்தச் சமயத்தில்தான் சித்திரை டோர்னமெண்ட் வந்தது. வேப்பூர் அணியும் பெண்ணாடம் அணியும் ஃபைனல். ஃபைனலுக்கு அம்பயர் அம்புஜவல்லி. டோர்னமெண்ட் நடத்துகிற கார்முகில் என்ற இளைஞர் அந்த மாச ப்ராக்டிகலின்போது மாடிக்கே வந்து, "ஃபைனலுக்கு வெள்ளைக் கோட்டு போட்டு நின்னீங்கன்னா கெத்தா இருக்குங்கம்மா" என்று கேட்டுக்கொண்டார்.

"கடைவீதியில எந்த டெய்லரும் கல்யாண சீசன் முடியாம கத்தரியத் திருப்ப மாட்டான்" என்றார் அம்புஜவல்லி.

"நான் தைக்கிறேன்ங்க" என்றது ஒரு குரல்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பூபாலனும் திரும்பிப் பார்த்தார், தான்தான் பேசினோமா என்று.

மாரிமுத்து சிரித்தார். "எதால தைப்ப? ப்ளாஸ்டர் ஆஃப் பாரிஸாலயா?"

"துணியாலதான். இதான் என் ப்ராக்டிகல்."

அம்புஜவல்லி அவரை நிதானமாகப் பார்த்தார். ஒரு கப்பைத் தட்டுவதற்கு முன் பார்க்கிற பார்வை. "சரிடா. ஃபைனல் அன்னிக்கு கிரவுண்டுல வெச்சு எல்லாரும் பாக்கட்டும்" என்றார்.

மகேஸ்வரி போய் அளவு எடுத்து வந்தாள். துணிக்கு பூபாலன் காடாத்துணி எடுத்தார். பட்டும் பாலியஸ்டரும் புதுக் கைக்கு வழுக்கிக்கொண்டு ஓடும், காடா சொன்னபடி நிற்கும். "வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தரம் நனைச்சுக் காயவெச்சுடுங்க" என்றாள் மகேஸ்வரி. கஞ்சி மொடமொடப்பு போய்விடும் என்று அவர் கேட்கவில்லை. காலர், நாலு பாக்கெட், பந்தை வைக்கத் தனியாக ஒரு ஆழமான பை. அந்தத் தையலின் நேர்த்தியைச் சொல்லப்போனால், எறும்பு வரிசை வந்து பார்த்துவிட்டு வெட்கப்பட்டுக் கலைந்து போகும். பித்தான் துளை கடைசியாக முடிந்தபோது ஃபைனல் நாள் காலை விடிந்திருந்தது.

மணல் மேட்டில் அம்புஜவல்லி கோட்டை வாங்கிப் போட்டார். தோள் இரண்டும் கூரை மாதிரி இறங்கின. கோட்டுக் கை, விரல் நுனியைத் தாண்டிப் போயிருந்தது. ஓரம் ஷூவைத் தொட்டது. அறுபத்தெட்டு வயதில் உடம்பு சுருங்கிக்கொண்டுதான் வரும், இவ்வளவு வேகமாகவா என்று நினைத்திருப்பார் போல. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சட்டைக்கையை இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டார்.

"தையல் பிரமாதம்டா" என்றார். அது பொய்யில்லை.

அளவு சரி என்று பூபாலனுக்குத் தெரியும், நேற்று ராத்திரிகூட ஸ்கேல் வைத்துப் பார்த்தார். பத்துப் பதினைந்து நாளில் இந்த அம்மா இப்படி இளைத்துவிட்டார் என்றால் என்ன வியாதியோ. மகேஸ்வரி காதில், "அவங்களுக்கும் ரத்தம் பாக்கச் சொல்லணும்" என்று கிசுகிசுத்தார்.

வேப்பூர் முதலில் ஆடியது. அவர்களுடைய பெரிய ஆட்டக்காரன் பாரி. நெடுஞ்சாலையில் லாரிக்கு டயர் மாற்றுகிற கை. அவன் தூக்கி அடித்த பந்துகளில் ஒன்று இன்னும் கீழே வரவில்லை. ஏழாவது ஓவரில் ஒரு பந்து அவன் பேட்டை உரசியும் உரசாமலும் போய்க் கீப்பர் கையில் விழுந்தது. ஒருவருக்கும் கேட்கவில்லை. அம்புஜவல்லிக்குக் கேட்டது. வலது கையை உயரத் தூக்கினார்.

தூக்கிய வேகத்தில் மடிப்பு இரண்டும் அவிழ்ந்தன. கையும் விரலும் உள்ளே போய்விட்டன. ஆற்றங்காற்றில் காலி சட்டைக்கை மட்டும் கொடி மாதிரி ஆடியது.

பாரி நகரவில்லை.

"அவுட்டுப்பா" என்றார் அம்புஜவல்லி.

"கைதானம்மா தூக்குனீங்க. விரலு எங்க?"

"உள்ள இருக்குது."

"உள்ள இருக்கிற விரலை நான் எப்டிம்மா பாக்கறது?"

அவர் துணியைத் தள்ளிவிட்டு விரலை வெளியே எடுத்துக் காட்டினார். அதற்குள் மேட்டில் ஒருத்தன், "மொதல்ல இல்லன்னாங்க, கீப்பர் மூஞ்சியப் பாத்துட்டு மாத்திட்டாங்க" என்று கிளப்பிவிட்டான். இன்னொருத்தன், "அம்மா டாட்டா காட்டுனாங்கடா" என்றான். வேப்பூர் பக்கம் மொத்தமும் மைதானத்துக்குள் இறங்கி, பெண்ணாடம் பக்கம் எதிரே இறங்கி, மணல் பறந்து, ஆறு மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டதோ என்று பாலத்தில் போன பஸ்ஸு நின்று பார்த்தது. கடைசியில் பாரி முணுமுணுத்துக்கொண்டே போனான். வேப்பூர் இன்னிங்ஸும் ஒருவழியாக முடிந்தது.

சாப்பாட்டு இடைவேளையில் கார்முகில் தயங்கித் தயங்கி வந்தார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. ரெண்டாவது இன்னிங்ஸுக்கு அந்தக் கோட்டக் கழட்டிட்டு நில்லுங்க. இல்ல, வேற அம்பயர் போட்டுக்கலாமான்னு வேப்பூர்க்காரங்க கேக்கறாங்க."

"கோட்டக் கழட்ட மாட்டேன்."

"ஒரு கோட்டுக்காகவாம்மா?"

"இன்னிக்கு எங்க பூபாலனுக்கு ப்ராக்டிகல். கோட்டு இறங்கினா நானும் இறங்கறேன். சாப்பாடு முடியறதுக்குள்ள சொல்றேன், போப்பா."

பூபாலன் இதைத் தார்ப்பாய்ப் பந்தலுக்குப் பின்னால் நின்று கேட்டார். இத்தனை வருஷம் ஆற்று மணலில் நின்று சம்பாதித்த பேரை, ஃபைனலை, இந்த அம்மா தன் கந்தல் கோட்டுக்காகப் பணயம் வைக்கிறார். அதைவிட ஓடும் ரயில் முன் குதித்துவிடலாம் என்றிருந்தது. ஜங்ஷன் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது.

"அங்க என்னடா ஒளிஞ்சு நிக்கற, வா" என்று கூப்பிட்டார் அம்புஜவல்லி. "மகேஸ்வரி, டேப் வெச்சிருக்கியா?"

மகேஸ்வரியின் பையில் டேப் இருந்தது. கையை நீட்டிக்கொண்டு அளக்கச் சொன்னார். இருபத்திரண்டு அங்குலம் வரவேண்டிய கோட்டுக் கை, இருபத்தைந்தை நெருங்கியது.

"இருக்க முடியாதுங்க" என்றார் பூபாலன். "ரெண்டு தரம் பாத்தேன்." பையிலிருந்து எஃகு ஸ்கேலை எடுத்து, கோட்டுக் கையின் மேல் வைத்துக் காட்டினார். ஸ்கேலில் சரியாக இருபத்திரண்டு.

டேப்பும் ஸ்கேலும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டிலும் அங்குலம்தான். ஆனால் ஸ்கேலின் ஒவ்வொரு அங்குலமும் டேப்பின் அங்குலத்தைவிடக் கொஞ்சம் நீளமாக இருந்தது. செராமிக் காலேஜில் படித்த மற்ற மூன்று பேரும் குனிந்து பார்த்தார்கள்.

பீங்கான் வேலையில் பச்சை மண்ணாக இருப்பது காயும்போது சுருங்கும், சூளையில் சுடும்போது இன்னும் சுருங்கும். நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு வரை குறைந்துவிடும். ஒரு அடி ஜாடி வேண்டுமென்றால் அச்சைப் பெரிதாகத்தான் செய்ய வேண்டும். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போடாமல் இருக்க, மாடல் ரூமில் அங்குலத்தையே இழுத்து நீட்டிச் செய்த ஸ்கேல் ஒன்று இருக்கும். ரிட்டையர் ஆன அன்று ஞாபகத்துக்கு என்று பூபாலன் கேட்டு வாங்கி வந்தது அதைத்தான். வேலைக்காலம் முழுக்க அதையே பிடித்த கைக்கு, உலகத்தில் வேறு அங்குலம் ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. வெட்டியதும் அதை வைத்துத்தான், தைத்த பிறகு சரிபார்த்ததும் அதை வைத்துத்தான். தப்பு எப்படித் தெரியும்?

"சுருக்க ஸ்கேல்" என்றார் ராகவேந்திரன், கோயிலில் பேசுகிற குரலில்.

"அப்ப நான் எளைக்கல" என்றார் அம்புஜவல்லி. அப்போதுதான் காலையிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டார்.

"அப்ப நீங்களும் எளைக்கல" என்று மகேஸ்வரி பூபாலனைத் திரும்பிப் பார்த்தாள். "ரெண்டு மாசமா ஊட்டுன நெய்யி? பாதாமு?"

பூபாலன் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

மாரிமுத்துவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மண்ணுன்னு நெனச்சுத் தச்சிருக்கான்யா. அப்ப சூளையில ஏத்திச் சுட்டுக் குடுத்துருடா, அளவுக்கு வந்துரும்."

மற்றவர்கள் சிரித்தார்கள். பூபாலன் சிரிக்கவில்லை. கோட்டின் ஓரத்தை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். கஞ்சி இன்னும் அப்படியே இருந்தது.

"சுடலாம்" என்றார்.

"என்னாது?"

"காடாத்துணி. தறியிலேர்ந்து வந்ததுலேர்ந்து ஒரு சொட்டுத் தண்ணி படல. நனைக்காம வெட்டிட்டேன். கொதிக்க வெச்சா சுருங்கும். எவ்ளோன்னு தெரியல. சுருங்கும்." முதல் தடவையாக நிமிர்ந்து பேசினார். "ராகவேந்திரா, நீ சூடு பாக்கறியா?"

ராகவேந்திரன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்துவிட்டார். தண்ணீருக்குப் போய்விட்டேன் என்று சொல்லித் திரிந்த மனுஷன், நெருப்பு என்றதும் பதினெட்டு வயதுக்காரன் மாதிரி நடந்தார்.

இரண்டு அணிக்கும் தக்காளிச் சோறு ஆக்கிய அண்டா காலியாகி, அரைகுறையாகக் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. அதை நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி, மூன்று கல்லின் மேல் ஏற்றிக் கோட்டை உள்ளே அமுக்கினார்கள். சமையல்காரர் விறகைத் திணிக்கப் போனார். ராகவேந்திரன் கையைத் தட்டிவிட்டார். "சட்டுனு ஏத்துனா தையல் ஒரு பக்கம் இழுக்கும்யா. மெதுவா. மொதல்ல ஆவி வரட்டும்." அண்டா விளிம்பில் உள்ளங்கையை வைத்து, வைத்து எடுத்து, தெர்மாமீட்டர் வெட்கப்படுகிற மாதிரி டிகிரி சொன்னார். அம்புஜவல்லி ஒரு குச்சியால் கோட்டைத் திருப்பித் திருப்பிப் போட்டார். மாரிமுத்து வேடிக்கை பார்க்க வந்த கூட்டத்தைக் காசு மறைத்துக் காட்டிக் கொஞ்சம் தள்ளியே நிறுத்தி வைத்தார். கொதி வந்த பிறகு கொஞ்ச நேரம் அப்படியே நிறுத்தி, பிறகு விறகை இழுத்து, ஆறவிட்டுத்தான் எடுக்க அனுமதி கொடுத்தார் ராகவேந்திரன். அவசரப்பட்ட கார்முகிலிடம், "சூளையத் தொறக்கறதுல அவசரப்பட்டவன் உருப்பட்டதில்ல தம்பி" என்றார்.

பிழிந்து, இரண்டு ஸ்டம்பில் கயிறு கட்டி விரித்தார்கள். சித்திரை வெயில். மணல் கீழிருந்து சுட்டது, சூரியன் மேலிருந்து சுட்டது. கோட்டு அப்பளம் மாதிரிக் காய்ந்தது. பூபாலன் பக்கத்திலேயே நின்றார், பிரசவ வார்டு வாசலில் நிற்கிறவர் மாதிரி. ஸ்கேலை எடுக்கவில்லை. டேப்பையும் எடுக்கவில்லை.

அம்புஜவல்லி போட்டார். கை மணிக்கட்டில் வந்து நின்றது. ஓரம் முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் இறங்கி நின்றது. நீளத்தில் சொன்ன பேச்சைக் கேட்ட துணி, அகலத்தில் கேட்கவில்லை. இடுப்பைச் சுற்றி இன்னும் தாராளம்தான். நிறமும் பழைய வெள்ளை இல்லை. அண்டாவில் ஒட்டியிருந்த தக்காளியும் மஞ்சளும் சேர்ந்து லேசான சந்தன நிறத்தில் முடிந்திருந்தது.

"கிளேஸ் நல்லா வந்திருக்குது" என்றார் மாரிமுத்து, பீங்கானின் பளபள மேல்பூச்சைச் சொல்கிற மாதிரி.

அம்புஜவல்லி வலது கையைத் தூக்கிப் பார்த்தார். விரல் நின்றது. இறக்கினார், மறுபடி தூக்கினார். நின்றது. கார்முகிலைப் பார்த்து, "போலாம்ப்பா" என்றார்.

மகேஸ்வரி பூபாலனின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நனைச்சுட்டு வெட்டுங்கன்னு சொன்னேன். நல்லவேளை என் பேச்சக் கேக்கல நீங்க" என்றாள். கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரண்டாவது இன்னிங்ஸ் அண்டாவைவிட அதிகமாகக் கொதித்தது. கடைசி ஓவரில் பெண்ணாடத்துக்கு நாலு ரன் வேண்டும். ஆலைக்குக் கரும்பு ஏற்றுகிற டிராக்டர் எல்லாம் கரையில் வரிசை கட்டி ஹாரன் அடித்தன. பெண்ணாடத்தின் கடைசி நம்பிக்கை ஓங்கி வீசினான். பந்து பின்னால் போய்க் கீப்பர் கையில் விழுந்தது. கீப்பரே கேட்கலாமா வேண்டாமா என்று பாதி வாயோடு நின்றான். ஹாரன் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்டிருக்காது.

அம்புஜவல்லி கண்ணை மூடினார். கப்பைக் காதருகே பிடித்தவர் மாதிரித் தலையைச் சாய்த்தார். பிறகு கை உயர்ந்தது. சந்தன நிறக் கையிலிருந்து ஒற்றை விரல், கரண்டுக் கம்பத்துப் பீங்கான் மாதிரி, பாலத்தில் போனவர்களுக்கும் தெரிகிற மாதிரி நின்றது.

ஹாரன்கள் ஒவ்வொன்றாக அடங்கின. பெண்ணாடம் பையன் அம்பயரைப் பார்த்தான், விரலைப் பார்த்தான். "லேசாத்தாம்மா பட்டுது" என்று சொல்லிவிட்டு நடந்தான்.

ஜெயித்த வேப்பூருக்குப் பரிசு கொடுத்து முடிந்ததும் பந்தலுக்குக் கீழே நாலு பேரும் உட்கார்ந்தார்கள். அம்புஜவல்லி கோட்டைக் கழற்றவில்லை. "பூபாலனோட ப்ராக்டிகல் முடிஞ்சுது" என்றார். மாரிமுத்துவும் ராகவேந்திரனும் கை தட்டினார்கள். பூபாலனுக்குத் தன் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை, தட்டுவதைத் தவிர வேறு பழக்கமில்லாத கைகள்.

"எனக்கு ஒரு கோட்டு தச்சுக் குடுறா" என்றார் மாரிமுத்து. "ஆனா வேக வெக்காத. அந்தக் கையில ரெண்டு புறா தங்கும்."

"அந்த ஸ்கேலத் தூக்கிப் போட்டுட்டு நல்லதா ஒண்ணு வாங்கிக்கோ" என்றார் அம்புஜவல்லி.

பூபாலன் ஸ்கேலை எடுத்துத் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். "இல்லங்க. எனக்கு இதான் கைக்கு வருது."

அப்போது பாரி வந்தான். கோப்பையைக் கக்கத்தில் இடுக்கியிருந்தான். தலையைச் சொறிந்தான். "அம்மா, காலையில என் பேட்லயும் பட்டுச்சுதான்" என்று அம்புஜவல்லியிடம் சொல்லிவிட்டு, பூபாலன் பக்கம் திரும்பினான். "ஐயா, இந்தக் கோட்டு தச்சது நீங்கதானாமே. எங்க டீமுக்குச் சட்டை தச்சுக் குடுப்பீங்களா?"

பூபாலன் அவனை மேலிருந்து கீழே ஒரு தடவை பார்த்தார். தோளைப் பார்த்தார், கையைப் பார்த்தார்.

"துணி காடாவா எடுத்துட்டு வாங்க, தண்ணி படக்கூடாது" என்றார். "தைக்க ஒரு மாசம் ஆகும். அண்டா நீங்க கொண்டாந்துடணும். சூடு பாக்கறதுக்கு எங்கிட்ட ஆளு இருக்குது."